பிக்கப் வண்டியில் பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் பிக்கப் இறக்கியிருக்கிறேன். பெடல் வழக்கத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலாக இறங்கினால் வயிறு எப்படிக் கலங்கும் என்று தெரியும். பிக்கப் வைத்திருக்கும் நண்பர்களும் டிரைவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் வாக்குவம் பூஸ்டர் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா போன்ற சிறிய லோடு வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

பெடல் எந்த அளவு அமுங்கினால் கோளாறு என்று எடுத்துக்கொள்வது?

நல்ல பெடலில் முதலில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்கும். அப்புறம் கால் ஒரு இடத்தில் போய் நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெடல் அதிகம் நகராது, பிடிமானம்தான் கூடும். அந்த நிற்கும் இடம் தெரியாமல் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் போய்க்கொண்டே இருந்தால் கோளாறு. நேற்று நின்ற இடத்துக்கும் இன்று நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தாலும் கோளாறுதான். தினமும் அதே வண்டியை ஓட்டுகிறவரின் கால் இதைத் தப்பாமல் சொல்லிவிடும். "சும்மா தோணுது" என்று விட்டுவிடாதீர்கள்.

அப்படியே மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகலாமா?

வேண்டாம். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், அல்லது வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். இப்போதுள்ள மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. பிக்கப்பில் பெரும்பாலும் ஒன்று முன் சக்கரங்களுக்கு, இன்னொன்று பின் சக்கரங்களுக்கு. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். ஆனால் பெடல் தரையை நெருங்கிய பிறகுதான் பிடிக்கும், நிற்கும் தூரமும் வெகுவாகக் கூடிவிடும். "அரை பிரேக் இருக்கிறதே" என்று ஒன்றரை டன் லோடோடு புறப்படுவது உங்கள் உயிரோடு எதிரே வருகிறவரின் உயிரையும் சேர்த்து வைத்து ஆடுவது.

ஸ்பேனரே எடுக்காமல் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெடல் அமுங்கியதும் "ஏர் எடுத்துட்டா சரியாயிடும்" என்ற ஒரே பதில். (பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள்.) பெடல் எப்படி அமுங்குகிறது என்று ஐந்து நிமிடம் கவனித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும். பெடலை ஐந்தாறு முறை மிதித்துப் பூஸ்டரில் இருக்கும் வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பூஸ்டரின் உதவி இல்லாதபோதுதான் ஆயில் பக்கத்துக் கோளாறு காலுக்கு நேராகத் தெரியும்.

இப்போது ஒரே சீரான அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்தே வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கேயோ ஆயில் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. வெளிக் கசிவு எங்கும் இல்லை, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர்மேல்தான் சந்தேகம். இந்தச் சோதனையை லேசான அழுத்தத்தில் ஒரு தடவை, பலமான அழுத்தத்தில் ஒரு தடவை செய்யுங்கள். தேய்ந்த வாஷர் சில சமயம் பலமாக மிதித்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும், மெதுவாக மிதித்தால்தான் நழுவ விடும். சிக்னலில் நிற்கும்போது பெடல் இறங்குகிறது, அவசர பிரேக்கில் சரியாக இருக்கிறது என்று டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

பெடல் இறங்காமல் நிற்கிறது, ஆனால் தாழ்வாக நிற்கிறது என்றால் இரண்டு மூன்று முறை வேகமாகப் பம்ப் செய்யுங்கள். பெடல் மேலே ஏறிக் கெட்டியாகவும் நின்றால் பின் டிரம்மில் ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. மேலே ஏறியும் ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறது என்றால் உள்ளே ஏர்.

ஏர்தானா என்று உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. ஒருவர் பத்துப் பதினைந்து முறை வேகமாகப் பம்ப் செய்து மிதித்தே பிடிக்கட்டும். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து இன்னொருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். பெடலைச் சட்டென்று விட்டதும் டப்பாவுக்குள் ஆயில் பீய்ச்சி எழும்பினால், அமுங்கியிருந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளுகிறது என்று பொருள். முகத்தை அருகில் கொண்டு போகாதீர்கள், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

பெடலை மிதித்தபடி இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் பெடல் கொஞ்சம் இறங்குகிறதே?

அது கோளாறில்லை. பூஸ்டர் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். அப்படி இறங்காவிட்டால்தான் பூஸ்டர், வாக்குவம் குழாய், வாக்குவம் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பூஸ்டர் போனால் பெடல் கல் மாதிரி ஆகும், மெத்தென்று ஆகாது. மெத்தென்ற பெடலுக்குப் பூஸ்டரை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

ஆயில் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஈரம் தெரியவில்லை. எங்கே போகிறது?

கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பின் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கும். சக்கரத்தின் உட்பக்கத் தகடு, டயரின் உள் சுவர் இரண்டிலும் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷூ லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் போடக் கூடாது. இரு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, மாஸ்டர் சிலிண்டரின் பின்வாசல். அங்கே வாஷர் போனால் ஆயில் நேராகப் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், தரையில் சொட்டே விழாது. மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, பைப்புகள் வளையாமல் சிலிண்டரை ஒரு விரற்கடை முன்னால் இழுத்துப் பாருங்கள். பின்னால் ஈரமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

முன் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வர வர அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. அதனால் மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள், அப்புறம் ஊற்றுங்கள்.

பேட் மாற்றிய உடனே பெடல் அடியோடு போய்விட்டது. என்ன ஆயிற்று?

பேட் போடுவதற்காகக் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். பெடலைப் பல முறை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து சரியாகிவிடும். இதை வண்டி நகர்வதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் ரிவர்ஸ் போட்டுச் சுவரில் இடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏர் உள்ளே எப்படி வருகிறது?

மூடிய குழாய்க்குள் காற்று தானாக முளைக்காது. பைப்பையோ ஹோஸையோ யாராவது கழற்றியிருக்க வேண்டும், டப்பாவில் ஆயில் வற்றியிருக்க வேண்டும், அல்லது வீல் சிலிண்டர் வாஷர் தளர்ந்து, பெடலை விடும்போது வெளிக்காற்றை உறிஞ்ச வேண்டும். யாரும் கை வைக்காத வண்டியில் ஏர் வந்திருந்தால், ஏர் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது வந்த வழி திறந்தேதான் இருக்கும், பத்து நாளில் அதே பெடல் திரும்பி வரும்.

ஏர் எடுக்கும் சரியான முறை என்ன?

இரண்டு பேர் வேண்டும். ஏர் வெளியேறத் திறக்கும் நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய், அடியில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டில், சீல் உடைக்காத புது பிரேக் ஆயில் டின். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முதல் நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். உடைந்துவிட்டால் காலிப்பரையே மாற்ற நேரும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் அது பின் இடது. அப்புறம் பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறு முனை பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கியபடி. மேலே இருப்பவர் பெடலை நிதானமாக மிதித்து "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். ஆயிலும் குமிழியும் வரும், பெடல் இறங்கும். பெடல் அடியைத் தொடுவதற்குள் நிப்பிளை மூடி "விடு" என்று சொல்ல வேண்டும். மூடாமல் பெடலை விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். குமிழி நிற்கும் வரை இதையே செய்யுங்கள். நாலைந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. வேகமாகப் பம்ப் செய்து ஏர் எடுக்காதீர்கள். ஒரு பெரிய குமிழி நூறு சிறு குமிழியாக உடைந்து ஆயிலில் கலந்துவிடும், பிறகு வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கவும் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் அன்றாடம் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். அதன்மேல் வாஷர் உரசினால் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போயிற்று என்று சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் போதும்.

பாட்டிலில் சேர்ந்த ஆயிலை மறுபடி டப்பாவில் ஊற்றாதீர்கள். பெயின்ட்மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

எத்தனை தடவை ஏர் எடுத்தும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. ஏன்?

என் வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். முன் காலிப்பர் இரண்டையும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கழற்றி மாட்டினார்கள். மூன்று முறை ஏர் எடுத்தும் பெடல் நிற்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கம் இருந்தது. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார்கள். காற்று மேலேதான் தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் ஒரு பீப்பாய் ஆயில் ஓடினாலும் மேலே உள்ள காற்று அசையாது. இரண்டையும் இடம் மாற்றி, ஒரு தடவை ஏர் எடுத்ததும் பெடல் கெட்டியானது. அன்றிலிருந்து நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பார்க்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

லோடு வண்டிக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்த வால்வு இருக்கும், எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்துப் பின் அச்சைத் தொங்கவிட்டு ஏர் எடுத்தால், வண்டி துளி லோடுகூட இல்லாமல் எழும்பி நிற்கிறது என்று அந்த வால்வு நினைத்துப் பின்வழியைக் குறுக்கிவிடும். ஆயில் நூலாகத்தான் வரும், காற்று அப்படியே நிற்கும். சக்கரம் தரையில் இருக்கும்படியோ அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தோ ஏர் எடுங்கள். சில வண்டிகளில் அந்த வால்விலேயே தனி நிப்பிள் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான்.

புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்தால், அதை வைஸில் பிடித்து, வாய்களிலிருந்து சிறு குழாய்களை டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை தள்ளி ஏர் எடுத்த பிறகுதான் வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சிலிண்டருக்குள் மாட்டிய காற்று சக்கரம்வரை வந்து சேரவே சேராது.

ஏரே இல்லாமலும் பெடல் அமுங்கும். காலிப்பரின் வழுக்கும் பின்கள் இறுகிப்போனால் காலிப்பரே வளைந்து கொடுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது பலூன்போல் உப்பும், ஒருவர் மிதிக்க இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் தெரியும். வீல் பேரிங் ஆடினால் டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிடும். குண்டும் குழியுமான சாலையைத் தாண்டியதும் முதல் மிதி கீழே போய் இரண்டாவது மிதி சரியாக நின்றால், பேரிங்கைப் பாருங்கள்.

பாகங்களை மாற்றாமல் எந்தச் சக்கரம் என்று பிரித்தறிய வழி உண்டா?

உண்டு. ரப்பர் ஹோஸை அடைப்பதற்கென்றே உருண்டை முனையுள்ள கிளாம்ப் கிடைக்கிறது. ஒவ்வொரு ஹோஸாக அதைப் போட்டு இறுக்கிப் பெடலை மிதியுங்கள். எந்த ஹோஸை அடைத்ததும் பெடல் சட்டென்று உயர்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம். எல்லாவற்றையும் அடைத்தும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். பிளையரால் நசுக்காதீர்கள், ஹோஸின் உள்சுவர் கிழியும்.

பின் ஷூவை எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

டிரம்மின் பின்தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருந்தால், அதன் வழியாக ஸ்குரூ டிரைவர் விட்டுப் பல் சக்கரத்தைத் திருப்பலாம். ஹேண்ட் பிரேக் முழுதும் தளர்ந்திருக்க வேண்டும். சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகும்வரை திருப்பி, பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குப் பின்வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். அதற்கு அப்புறம்தான் ஹேண்ட் பிரேக் கேபிள். பலர் கேபிளை முதலில் இறுக்கிவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு வேலை செய்யாமல் போய்ப் பெடல் தாழ்ந்துகொண்டே வரும்.

டிரம்மை லேத்தில் கடைந்து புது ஷூ போட்டால், ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் பொருந்தும்வரை சில நாள் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கலாம். டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிக் கடைந்திருந்தால் அந்த டிரம் வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் (புது வாஷர் செட்) போட்டால் போதுமா?

உட்சுவர் கண்ணாடிபோல் இருந்தால் போதும். விரல் நகம் மாட்டும் கீறலோ துருக்குழியோ இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே போகும். மலைப் பாதையில் ஓடும் வண்டி என்றால் நான் புது சிலிண்டரே போடச் சொல்வேன். கிட் போடும்போது வாஷர்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவ விடாதீர்கள். புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போட வேண்டும்.

மலை இறங்கும்போது மட்டும் பெடல் கீழே போகிறது, அடிவாரத்தில் சரியாகிவிடுகிறது. இது என்ன?

பிரேக் ஆயில் கொதிக்கிறது. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்ததும் அந்த அளவு 140 டிகிரியாக இறங்குகிறது. டாட் 4 என்றால் 230 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 155. தொடர்ந்து பிரேக்கில் கால் வைத்து இறங்கினால் காலிப்பர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் ஆவியானால் அது காற்றைப் போலவே அமுங்கும். ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடுவதால் அடிவாரத்தில் எதுவும் தெரியாது, மெக்கானிக்கும் "நல்லாத்தானே இருக்கு" என்பார். ஆயில் முழுவதையும் மாற்றுங்கள்.

இறங்கும்போது, அந்த மலையை எந்த கியரில் ஏறுவீர்களோ அதற்கு மேல் போகாதீர்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். எஞ்சினை அணைத்தால் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். நடுவழியில் பெடல் போய்விட்டால் விடாமல் பம்ப் செய்யுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள், பள்ளத்துப் பக்கம் விட்டு மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? எப்போது மாற்றுவது?

டப்பா மூடியில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. திறந்து பல மாதம் கிடந்த டின் ஈரம் குடித்திருக்கும், மிச்சம் இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம்.

தவறிப்போய் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றிவிட்டால்?

வண்டியை எடுக்காதீர்கள், பெடலையும் மிதிக்காதீர்கள். மிதிக்காதவரை டப்பாவோடும் மாஸ்டர் சிலிண்டரோடும் போகும். மிதித்து உள்ளே ஏறிவிட்டால் எல்லா ரப்பரும் ஊதிவிடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் வாஷர்கள், ஹோஸ் அத்தனையும் மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பிக்கப்பில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று போய்விட்டால் சாதாரண முறையில் வெளியே வராது. ஸ்கேனர் மாட்டி உள்ளே உள்ள வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும். அதனால் டப்பாவை வற்ற விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

முதலில் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓட, பெடலைப் பலமாக மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். இறங்கக் கூடாது. பிறகு காலி மைதானத்தில் நடை வேகத்தில் ஒரு தடவை, இருபது கிலோமீட்டர் வேகத்தில் சில தடவை நிறுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் மையத்துக்கும் கிட்டத்தில் கை வைத்துச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு நிப்பிளையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி ஈரமானால் நிப்பிளைப் பதமாக இறுக்கி, டப்பாவின் மட்டத்தை மறுபடி பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.